ஸ்கிரைபஸ் 1.6: வேலூர் டிடிபி கடையில் ஒரு மலர் வேலைக்குப் பிறகு

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய எங்கள் டிடிபி கடையில் இருபது ஆண்டுகளாகப் பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்தான். 2001இல் வெளிவந்த அந்தப் பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றுவிட்டது. கைப்பேசியிலும் இணையத்திலும் வழங்கும் யூனிகோடுத் தமிழ் அதில் ஏறாது என்பதால், வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்தைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுவதும், மாற்றும்போது சிதைந்த எழுத்துகளைத் தேடித் திருத்துவதும் அன்றாட வேலையாகிவிட்டன. கல்யாணப் பத்திரிகை வேலை இல்லாத ஆடி மாதத்தில், அதே வேலையைச் செய்யும், கட்டணமில்லாத, யாரும் நிரலைத் திருத்தி எழுதக்கூடிய கட்டற்ற மென்பொருளான ஸ்கிரைபஸ் 1.6ஐ நிறுவி, ஒரு கும்பாபிஷேக மலரை முழுவதும் அதிலேயே செய்து பார்த்தோம்.

முதலில் சோதித்தது ஒற்றைக்கொம்பைத்தான். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசைப் பதிப்புகளில் ‘பெரியோர்களே’ என்று அடித்தால் கொம்பு பகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இதில் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. எழுத்துகளைக் கோத்து வடிவம் தரும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்தை ஸ்கிரைபஸோடு இணைத்ததால் வந்த பலன் இது. அந்த இணைப்பும் தமிழுக்காக நடந்ததன்று. அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலமிருந்து இடமாக ஓட வேண்டும் என்று ஓமான் நாட்டு நிரலாளர்கள் முன்னெடுத்த வேலை, 2017இல் 1.5.3 என்ற சோதனைப் பதிப்பில் இடம்பெற்றது. அரபிக்கு வெட்டிய வாய்க்காலில் தமிழுக்கும் தண்ணீர் பாய்ந்தது. அதுவே நிலையான பதிப்பாகக் கைக்கு வர 2024 ஜனவரி ஆயிற்று. இத்தகைய மென்பொருளில் எந்த வசதி முந்தும் என்பதை விற்பனைக் கணக்கு தீர்மானிப்பதில்லை. தேவைப்பட்டவர் உட்கார்ந்து எழுதினால் அது முந்துகிறது.

அச்சுக்கு அனுப்பும் பகுதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கு வண்ணப் பிரிப்பு, தனி மை, அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப் வகையான பிடிஎஃப் எக்ஸ்-1ஏ எல்லாம் உண்டு. ராஜகோபுரப் படம் தெளிவு போதாது என்று மென்பொருளே முன்கூட்டி எச்சரித்ததால் ஒரு அச்சுப் பிளேட் மிச்சமாயிற்று.

எங்களை அழவைத்தது நன்கொடையாளர் பட்டியல். ஒரு பக்கத்தில் முடியாத அட்டவணை அடுத்த பக்கத்துக்குத் தானாகத் தொடராது. ஆகவே பட்டியலை எட்டுத் துண்டாக வெட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தோம். விடுபட்ட ஒரு பெயரை நடுவில் சேர்க்கச் சொல்லி அறங்காவலர் வந்தபோது எட்டையும் மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. வலைப்பின்னல் வண்ணச்சாய்வு போன்ற அலங்காரங்கள் 1.5 வரிசையிலேயே வந்துவிட்ட நிலையில் அட்டவணை இன்னும் அரைகுறையாக இருப்பது, எது முதலில் என்பதை நாங்கள் வகுத்திருந்தால் நடந்திருக்காது. ஸ்கிரைபஸின் பிழைப் பதிவேட்டில் யாரும் கோரிக்கை வைக்கலாம் என்பதால், பெயர்களை மாற்றிய மாதிரிக் கோப்போடு இதைப் பதிந்திருக்கிறோம்.

மற்றொன்று: 1.6இல் சேமித்த கோப்பை 1.4 திறக்காது, ஆகவே கடையின் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. பத்திரிகை, துண்டறிக்கை, மலர் மூன்றுக்கும் இனி ஸ்கிரைபஸ்தான். கட்டம் கட்டமாகப் போகும் பில் புத்தகத்துக்காக மட்டும் பழைய பேஜ்மேக்கர் கணினி மூலையில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.