1924 மாடல் டி: டேங்க் துருவோடு ஒரு குடித்தனம்

கார்புரேட்டரை மறுபடியும் கழற்றித் துருத்தூளை ஊதித் தள்ளிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் எரிச்சல் தெரியலாம். ஃபோர்டின் பழைய மாடல் டி கார் வாங்கலாமா, பெட்ரோல் லைனில் ஒரு பேப்பர் ஃபில்டர் போட்டால் குப்பைத் தொல்லை தீருமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஃபில்டர் வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் கிடையாது. ஓட்டுகிறவர் சீட்டுக்கு அடியில் டேங்க், அங்கிருந்து பெட்ரோல் தானாக இறங்கி வர வேண்டும், டேங்க் நிரம்பியிருந்தாலும் கார்புரேட்டருக்கு மேல் ஏறக்குறைய ஓர் அடி உயரம்தான் இருக்கும், அந்த உயரத்துக்கு அரை பிஎஸ்ஐ அழுத்தம்கூடத் தேறாது. செங்குத்தான மேட்டில் வண்டியின் முன்பக்கம் உயர்ந்தால் அந்த உயரமும் போய்விடும், பெட்ரோல் குறைந்திருந்தால் அந்தக் காலத்து ஓட்டுநர்கள் ரிவர்ஸில் ஏறியது இதனால்தான். பம்ப் வைத்த வண்டிக்கான ஃபில்டரை இதில் செருகினால் ஒரு காற்றுக்குமிழி போதும், கதை முடிந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் ஒன்று போட்டிருந்தார். நின்ற இடத்தில் இன்ஜின் அழகாக ஓடும், மேட்டில் இருமி நின்றுவிடும், சற்றுப் பொறுத்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணம் நிரம்பி ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். பார்த்தவர்கள் எல்லோரும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலைத்தான் சந்தேகப்பட்டார்கள்!

ஃபில்டரைத் தூக்கி எறிந்தபிறகு புரிந்தது, டேங்குக்கு அடியில் இருக்கும் செடிமென்ட் பல்ப், அதாவது கசடு பிடிக்கும் கிண்ணம், எவ்வளவு நல்ல சாமான் என்று. தண்ணீரும் கசடும் பெட்ரோலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும், மேலே ஒரு பித்தளை வலை, கீழே ஒரு சின்னக் குழாய்த்திருகு. திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியிலும் இதே ஏற்பாடு உண்டு. பெட்ரோலை மெல்லிய ஷாமாய் தோலில் வடிகட்டி ஊற்றச் சொல்லி அந்தக் கால ஃபோர்டு கையேடே சொல்கிறது. (இவ்வளவு கவனமான ஆட்கள் காற்று உள்ளே போகும் வழியில் ஒரு வலைகூட வைக்கவில்லை, புழுதி ரோட்டில் ஓடப்போகும் வண்டிக்கு!)

என் கோபம் பல்பின் மேல் இல்லை. பழைய துருவை முழுதாக எடுக்காமல் டேங்குக்குள் கோட்டிங் ஊற்றிக் கொடுத்த ஒர்க்‌ஷாப்காரர் மேல். இப்போது அது செதில் செதிலாக உரிகிறது, ஒவ்வொரு செதிலின் முதுகிலும் துரு. சரி, முழுதாகச் சுரண்டியிருந்தால் டேங்க் சல்லடையாகியிருக்கும் என்று அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு, ஆனால் அதைப் பணம் வாங்கும் முன் சொல்லியிருக்கலாம். இங்கே ஒஹாயோவில் கிடைக்கும் 10 சதவீத எத்தனால் பெட்ரோல் வேறு தண்ணீரை இழுக்கும், குளிர்காலம் முழுக்க வண்டி நின்றால் கேட்கவே வேண்டாம். அதனால் சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன்.

நூறு வருடப் பல்ப் இன்றும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, வண்டியும் ஓட்ட அவ்வளவு சுகம். ஆனாலும் இன்று கேட்டால் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். மீறிப் போவதென்றால் டார்ச் கொண்டுபோய், சீட்டைத் தூக்கி, டேங்குக்குள் அடித்துப் பாருங்கள். ‘இப்போதுதான் புதுசாகக் கோட்டிங் போட்டது’ என்று விற்கிறவர் பெருமையாக ஆரம்பித்தால் புது டேங்க் விலையைக் கழித்துப் பேசுங்கள்.