மகளுடன் பார்த்த முதல் திகில் படம்: ‘எ கொயட் பிளேஸ்’

14 வயதான என் மகள், “ஒரு திகில் படம் பார்க்கணும்பா, ஆனா நீங்களும் கூட உட்காரணும்” என்று கேட்டாள். கூட உட்கார வேண்டும் என்று அவள் சொன்னதே எனக்குப் பெரிதாகப் பட்டதால், எந்தப் படம் என்று முடிவு செய்ய ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். படங்களுக்குத் தரப்படும் வயது வரம்புச் சான்றிதழ் ஓரளவுக்குத்தான் உதவியது. அமெரிக்காவில் 1984-இல் வந்த பிஜி-13 என்னும் பிரிவு, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சில காட்சிகள் பொருந்தாமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கிறதே தவிர, நம் பிள்ளை எதைக் கண்டு அஞ்சும் என்பதைச் சொல்லாது. ரத்தத்தை அதிகம் காட்டாத ‘தி கான்ஜூரிங்’ (2013) அங்கே அதைவிடக் கடுமையான ஆர் சான்றிதழைப் பெற்றது. ரத்தம் குறைவென்பதால் பயமும் குறைவென்று எண்ணிவிடக் கூடாது.

‘தி அதர்ஸ்’ (2001) மிக நல்ல படம்தான். அதன் நிதானத்துக்கு அவள் இன்னும் பழக வேண்டும் என்பதால் அதை அடுத்த முறைக்கு வைத்தேன். இறுதியில் ஜான் கிராசின்ஸ்கி இயக்கிய ‘எ கொயட் பிளேஸ்’ (2018) படத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றரை மணி நேரப் படம். பிஜி-13 சான்றிதழ் பெற்றது.

சிறு ஓசை கேட்டாலும் பாய்ந்து வந்து கொல்லும் விலங்குகளுக்கு அஞ்சி, ஒரு குடும்பம் வெறுங்காலுடன் மணல் பரப்பிய பாதையில் நடந்து, சைகை மொழியில் பேசி வாழ்கிறது. தாய் துணி மூட்டையை மாடிப்படியில் இழுத்துச் செல்லும்போது அது ஓர் ஆணியில் மாட்டி, ஆணி நிமிர்ந்து நின்றுவிடுகிறது. அவர் அதைக் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். அந்த நொடியில் என் மகள் தன் இரு கால்களையும் சோபாவின் மேல் இழுத்துக்கொண்டாள். இனி யாருடைய பாதம் அதில் பதியுமோ என்று காத்திருக்க வைப்பதில்தான் இந்தப் படத்தின் பலம் இருக்கிறது; திடீரென்று அலறி நம்மைத் தூக்கிப்போடும் காட்சிகளும் உண்டு, ஆனால் அவற்றை மட்டுமே நம்பிப் படம் ஓடவில்லை.

என் மகளை ஈர்த்ததோ அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளையான ரீகன் என்னும் பெண். காது கேளாத ரீகனாக நடித்த மில்லிசென்ட் சிம்மண்ட்ஸ் உண்மையிலும் காது கேளாதவர். கதை அவள் பார்வைக்கு மாறும்போது ஒலி முழுவதும் அற்றுப்போகும் இடங்களில், எங்கள் அறையிலும் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. அப்பா தன்னை வெறுக்கிறார் என்று அவள் உள்ளுக்குள் புழுங்குவதை, பதின்ம வயதுப் பிள்ளைகள் விளக்கமில்லாமலே புரிந்துகொள்வார்கள்.

முன்கூட்டியே சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. தொடக்கத்திலேயே ரீகனின் தம்பியான ஒரு சிறுவன் இறக்கிறான். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால் இந்தப் படத்தைத் தள்ளிவைப்பதே நல்லது. ஓசை எழுப்பாமல் பிரசவ வலியைத் தாங்கும் நீண்ட காட்சியும் சிலருக்குக் கனமாக இருக்கும். இந்த இரண்டையும் நான் மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அதனால் அவள் பயம் குறையவில்லை, பாதியில் எழுந்து போகவுமில்லை. பிற்பகுதியில் விலங்கை மிக அருகில் அடிக்கடி காட்டுவது மட்டும் எனக்குக் குறையாகப் பட்டது, மறைந்திருந்தவரை அது இன்னும் பெரிதாக இருந்தது.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே தொடங்கியதால், முடிந்த பிறகு பேசுவதற்கு நேரம் இருந்தது. விலங்கைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. “தம்பி செத்தது ரீகன் தப்பு இல்லதானேப்பா?” என்பதையே இரண்டு முறை கேட்டாள்.