ஐப்பசியில் பறவை பார்க்க எங்கே போவது? வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை, அப்புறம் வீட்டுப் பக்கத்து ஏரி

புரட்டாசி முடிந்து நாலு மழை விழுந்ததும் சென்னைப் பக்கத்து நண்பர்களிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "வேடந்தாங்கலுக்குப் பறவை வந்தாச்சா? இந்த ஞாயிறு போகலாமா?" என் பதிலைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றம். ஐப்பசியில் பறவை பார்க்க வேடந்தாங்கல்தான் என் கடைசித் தேர்வு. அதே இடம் தை மாதத்தில் முதல் தேர்வு. நடுவில் இருக்கும் இரண்டு மூன்று மாதங்களில் எங்கே போக வேண்டும் என்பதற்குத்தான் இந்த ஒப்பீடு.

பெயரையும் புகழையும் தள்ளி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: அந்த நீர்நிலையில் இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு ஆழம்? ஆகஸ்ட் கடைசியிலிருந்தே வடக்கிலிருந்து வந்து இறங்குபவை உள்ளான் வகைகள், அதாவது சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள். கொசு உள்ளானின் எடை இருபது முப்பது கிராம்தான். ஆர்க்டிக் வட்டாரத்துத் தரையில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வரும் அந்தப் பறவைக்கு வேண்டியது ஈரச் சேறும், அதன்மேல் ஒரு விரற்கடைத் தண்ணீரும். பொரி உள்ளானுக்கும் பச்சைக்காலிக்கும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். நெடுங்கால் உள்ளான் நம் கணுக்கால் அளவைத் தாண்டியும் நிற்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள் தலையைக் கவிழ்த்து வாலை மேலே தூக்கி மேய்கிறவை, அவற்றுக்கு முழங்கால் ஆழம் போதும். அதற்கு மேல் போனால் முக்குளிப்பான், நீர்க்காகம், கூழைக்கடா இவற்றின் ராஜ்ஜியம்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குகிறது. சென்னைக்கு அதிக மழை தருவது நவம்பர். ஆக, வலசைப் பறவைகள் வந்து சேரும் அதே நேரத்தில்தான் ஏரிகளும் நிரம்புகின்றன. போன வாரம் ஐந்நூறு உள்ளான்கள் மேய்ந்த சேற்றுத் திட்டு, ஒரே ராத்திரி மழையில் மூழ்கிவிடும். பறவைகள் அடுத்த ஆழமில்லாத இடத்தைத் தேடிப் போய்விடும். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எங்கே, எப்போது என்ற கேள்விக்கு விடை தானாகவே வந்துவிடும்.

வேடந்தாங்கல்

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். ஜிஎஸ்டி சாலையில் படாளம் கூட்ரோட்டில் திரும்ப வேண்டும். ஏரி சிறியதுதான், ஏறக்குறைய 30 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும்தான் அதன் உயிர். 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையைக் கிராமத்தாருக்கு எழுதிக் கொடுத்தார். பறவைகளின் எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிற ஊர் அது. இப்படி ஓர் ஊர் நம்மிடம் இருப்பதில் எனக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஆனால் அங்கே கூடு கட்டுவதெல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்ற தவறான எண்ணத்தைக் களைந்தாக வேண்டும். வேடந்தாங்கலில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். மழைக்கும் தண்ணீருக்கும் ஏற்ப உள்நாட்டிலேயே இடம் மாறுபவை. உண்மையில் வெளிநாட்டிலிருந்து வரும் வாத்தும் உள்ளானும் இங்கே கூடு கட்டுவதே இல்லை, குளிர்காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வேடந்தாங்கல் கூடுகளின் ஊர். கூடு கட்ட மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். ஏரி நிறைவதற்கே பல வருடங்களில் நவம்பர் ஆகிவிடும், சரணாலயமும் அதற்குப் பிறகுதான் திறக்கும். அக்டோபரில் போனால் வெறும் மரமும் வறண்ட ஏரியும் பார்த்துவிட்டுத் திரும்பும்படி ஆகலாம். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக் கொள்ளுங்கள்.

சரி, தை மாதத்தில் போனால்? அப்போது அதற்கு இணையே கிடையாது. ஒரே மரத்தில் கீழ்க்கிளையில் நீர்க்காகம், நடுவில் கொக்கு, உச்சியில் நாரை என்று அடுக்கடுக்காகக் கூடுகள். கரையிலிருந்து மரங்கள் தள்ளி இருப்பதால் வெறுங்கண்ணுக்குப் புள்ளிகளாகத் தெரிவதெல்லாம், இருநோக்கியில் (பைனாகுலரில்) பார்த்தால் வாய் பிளந்து கத்தும் குஞ்சுகள். நத்தைக்குத்தியின் அலகை அப்போது கவனியுங்கள். வளர்ந்த பறவையின் இரண்டு அலகுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும், குஞ்சுக்கு அது இருக்காது. வளர வளரத்தான் அந்த இடைவெளி உண்டாகிறது.

கரிக்கிலி

வேடந்தாங்கலிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரை நிறையப் பேர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பரப்பில் வேடந்தாங்கலைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 61 ஹெக்டேர். ஆழம் குறைவு. அதனால்தான் கார்த்திகை பாதியிலிருந்து வாத்துகளுக்கு இது பிடித்துப்போகிறது. மழை தணிந்து தண்ணீர் மெல்ல வடியும்போது விளிம்பெல்லாம் உள்ளான்கள் இறங்கும். சத்தம் இல்லை, ஐஸ்கிரீம் வண்டி இல்லை, கூட்டம் இல்லை. வசதியும் இல்லை. தண்ணீர், சாப்பாடு எல்லாம் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

வேடந்தாங்கலா கரிக்கிலியா என்று யாராவது கேட்டால், டிசம்பர் வரை கரிக்கிலி, பின் இரண்டும் என்பேன். ஒன்றை விட்டு மற்றதைப் புரிந்துகொள்ளவும் முடியாது. வேடந்தாங்கல் தொட்டில் என்றால் கரிக்கிலியும் மதுராந்தகத்தைச் சுற்றியுள்ள ஏரிகளும் நெல் வயல்களும்தான் அடுக்களை. அங்கே மீனும் நத்தையும் பிடித்து வந்துதான் இங்கே குஞ்சுக்கு ஊட்டுகின்றன. மரங்கள் இருக்கும் ஏரியை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று நினைப்பவர்கள், காலையில் வேடந்தாங்கல் கரையில் நின்று நாரைகள் எந்தத் திசையெல்லாம் பறந்து போகின்றன என்று பார்க்க வேண்டும்.

பள்ளிக்கரணை

ஐப்பசிக்கு என் முதல் தேர்வு இதுதான். வேடந்தாங்கல், கரிக்கிலி, பள்ளிக்கரணை மூன்றுமே 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. மற்ற இரண்டுக்கும் ஒரு நாளை ஒதுக்க வேண்டும், இதை வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிடலாம். துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடி ரேடியல் சாலை சதுப்பு நிலத்தின் குறுக்கேதான் போகிறது.

லாரி இரைச்சல் உண்டு. பெருங்குடிக் குப்பைமேட்டின் நாற்றம் காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும். இரண்டையும் பொறுத்துக்கொண்டு விடிந்ததும் ஒரு மணி நேரம் கைப்பிடியோரம் நின்றால், சரணாலயத்தில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: பறவைகள் பக்கத்தில் இருக்கும். ஓயாத போக்குவரத்துக்குப் பழகிவிட்டதால் சாலையோரத்திலேயே மேய்கின்றன. நீலத் தாழைக்கோழி ஒன்று சம்புத் தண்டைக் கடித்து இழுத்து, காலால் கிளி பிடிப்பதுபோல் பிடித்து, உள்ளிருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்பதைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கலாம். தூரத்தில் திடீரென்று வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பினால் உடனே வானத்தைப் பாருங்கள். பெரும்பாலும் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேலே தாழ்வாக மிதந்து வந்துகொண்டிருக்கும்.

ஐப்பசியில் இங்கே வருபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். கையேட்டுப் படத்தில் நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேல் பளிச்சென்று வெள்ளைக் கோடு இருக்கும். நேரில் பார்த்தால் எல்லாம் ஒரே பழுப்பு. காரணம், இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் பெட்டையைப் போன்ற மங்கலான இறகுக்கு மாறிவிடுகின்றன. பழைய அழகு திரும்பக் குளிர்காலம் பாதி போக வேண்டும். நீளவால் இலைக்கோழிக்கும் இப்போது நீள வால் இருக்காது. அதனால் நிறத்தை நம்பாமல் உருவத்தையும் நடத்தையையும் பாருங்கள். தட்டைவாயனின் அகன்ற அலகு, ஊசிவால் வாத்தின் நீண்ட மெல்லிய கழுத்து இவை எந்த இறகிலும் மாறாது. பொரி உள்ளானுக்கு முதுகில் புள்ளி, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம், மஞ்சள் சாயல் கால். நின்ற இடத்தில் பின்பக்கத்தை விடாமல் ஆட்டிக்கொண்டே இருந்து, தோளோரம் வெள்ளை மேலேறித் தெரிந்தால் அது சாதாரண உள்ளான்.

வெளிச்சத்தைப் பொறுத்து ஒரு குறிப்பு: இந்தச் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காகப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடக்குப் பக்கம் பார்த்து நின்றால் வெளிச்சம் உங்கள் முதுகில், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். தெற்குப் பக்கம் எல்லாமே நிழலுருவமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கரணையின் பலவீனம் நவம்பர் நடுப்பகுதி. செம்பாக்கம், நாராயணபுரம் என்று சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக வெளியேற வேண்டும். பெருமழைக்குப் பிறகு சில வாரங்கள் ஆழமான ஒரே தண்ணீர்ப் பரப்பாகிவிடும். மீசை ஆலாக்களையும் கூழைக்கடாக்களையும் பார்க்கலாம், உள்ளான்களைத் தேட வேண்டியதில்லை. தண்ணீர் இறங்கும் ஜனவரிக்கு மேல் மறுபடியும் களைகட்டும்.

பெரும்பாக்கம் ஏரி மேடவாக்கம்–சோழிங்கநல்லூர் சாலையோரம், பக்கத்திலேயே. பள்ளிக்கரணைக்குப் போகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். தண்ணீர் குறைந்திருக்கும் நாட்களில் கருவால் மூக்கனுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் அது நல்ல இடம். நிறைந்துவிட்டால் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

வீட்டுப் பக்கத்து ஏரி

பெயர் பெற்ற இடங்களோடு இதைப் போட்டியில் நிறுத்துவதா என்று கேட்கலாம். எண்ணிக்கையில் தோற்கும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை காலையில் அரை மணி நேரம் போக முடிவது இங்கே மட்டும்தான், ஐப்பசியின் அருமை அந்த வாராந்திர மாற்றத்தில்தான் இருக்கிறது. முதல் வாரம் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் கரைப் புல்லில் மஞ்சள் வாலாட்டி. அப்புறம் வேலமரத்தில் பழுப்புக் கீச்சான், முந்தைய ஆண்டு உட்கார்ந்த அதே கிளைப் பக்கமாக. ஒருநாள் விராலடிப்பான் ஒன்று காலை முன்னே நீட்டி நீரில் விழுந்து மீனோடு எழும். தொலைவிலிருக்கும் சரணாலயத்துக்கு வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு யார் எப்போது வந்தார்கள் என்பது தெரியவே தெரியாது. பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியில் பட்டியல் போடுகிறவர்களுக்கும் இதுதான் முக்கியம். புகழ்பெற்ற இடங்களுக்கு நூற்றுக்கணக்கான பட்டியல்கள் சேர்ந்துவிடுகின்றன, உங்கள் ஊர் ஏரிக்கு நீங்கள் போட்டால்தான் உண்டு.

ஏரிகளிலும் தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். கரை முழுக்கக் கல் பதித்து, சுற்றிலும் நடைபாதை போட்டு, கிண்ணம்போல் ஆழப்படுத்திய ஏரியில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் நீர்க்காகமும் மிஞ்சும். ஒரு பக்கமாவது தரை சரிந்து, கோரையும் சேறுமாகத் தண்ணீரில் இறங்கும் ஏரியில்தான் உள்ளானும் வாத்தும் தங்கும். ஏரியைத் தூர்வாருவதை நான் எதிர்க்கவில்லை, தண்ணீர் ஊருக்கும் வேண்டும். ஆனால் தூர்வாரும்போது ஒரு மூலையையாவது ஆழமில்லாமல் விட்டுவைக்கச் சொல்லி உள்ளாட்சியிடம் கேளுங்கள். செலவில்லாத வேலை அது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வரும் உயிருக்குக் கால் வைக்க இடம் இருக்கும்.

எனவே நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். அக்டோபர் முழுக்கப் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், கூடவே உங்கள் ஏரி. பெருமழை நாட்களில் எங்கும் போகாதீர்கள், மழை விட்டதும் நெல் வயல்களையும் ஆழமில்லாத குட்டைகளையும் பாருங்கள், துரத்தப்பட்ட உள்ளான்களில் பாதி அங்கேதான் இருக்கும். டிசம்பரில் கரிக்கிலி. பொங்கல் விடுமுறையில் வேடந்தாங்கல், அதுவும் வார நாளாகப் பார்த்து, விடிகாலையிலோ பறவைகள் கூடு திரும்பும் மாலை நான்கரைக்கு மேலோ. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு: அவர்களுக்கு உள்ளானின் கால் நிறத்தில் பொறுமை இருக்காது, பெரிய நாரையும் கூட்டில் கத்தும் குஞ்சும்தான் வேண்டும், வேடந்தாங்கல் ஏரி நிறையும் வரை காத்திருந்து கூட்டிப் போங்கள்.

இருநோக்கி வாங்குவதாக இருந்தால் முதலில் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மி.மீ. அகலமுள்ளது. பத்து மடங்கு பெரிதாக்குவது வேடந்தாங்கலுக்கு உதவும், ஆனால் கை நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் கைக்கு எட்டு மடங்கே நிலையாக நிற்கும்.