மண்டபம் கரையில் அமெரிக்கன் ஃபுட்பால்: வாங்கலாமா?

ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கிய பந்து, இரண்டு முனையும் கூராக, கையால் எறிகிற மாதிரி இருக்கும். நிஜத் தோல் கிடையாது, ரெக்சின் மாதிரி ஒரு செயற்கைத் தோல். அமெரிக்காவின் பெரிய ஃபுட்பால் லீகான என்.எஃப்.எல். ஆட்டங்களுக்கு வில்சன் கம்பெனிக்காரர்கள் ஒஹையோவில் ஏடா என்ற சின்ன ஊரில் மாட்டுத்தோலில் செய்கிறார்கள். அதை வாங்கி எங்கள் உப்புக் காற்றில் போட மனசு வராது. மண்டபத்துக்கு இந்த மலிவுப் பந்தே சரி.

வாங்க வைத்தவர் அந்த லீகில் ஆடிய கர்ட் வார்னர். நான் மளிகைக் கடையில் சரக்கு அடுக்குகிறவன், அவரும் அதே வேலை பார்த்தவர். 1994இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிரீன் பே அணி முகாமுக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஊருக்கு அனுப்பிவிட்டது. அயோவாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு வேலை, மணிக்கு ஐந்தரை டாலர். அப்புறம் உள்ளரங்க ஃபுட்பால், ஆம்ஸ்டர்டாமில் ஒரு சீசன். 1999இல் செயிண்ட் லூயிஸ் ராம்ஸின் முதல் குவாட்டர்பேக் (பந்தை எறிகிற ஆட்டக்காரர்) டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனதும், வேறு வழியில்லாமல் இவரை இறக்கினார்கள். அந்த சீசனில் 41 டச்டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்குள் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்), எறிந்த தூரம் மொத்தம் 4,353 கெஜம், லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2000 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்தில் 414 கெஜம் எறிந்து கோப்பையும் வாங்கிவிட்டார். அப்போது வயது 28. எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "சரி, அந்தப் பருப்பு மூட்டையை உள்ளே வை" என்றார்.

பந்துக்கு வருவோம். நீளம் 28 சென்டிமீட்டர், கடைத் தராசில் 410 கிராம். இரண்டுமே லீக் விதித்த அளவுக்குள் இருக்கின்றன. மோதிர விரலையும் சுண்டு விரலையும் பந்தின் மேல் கோத்திருக்கும் லேஸ் கயிற்றின் மேல் போட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். சின்னக் கைக்கு இது பெரிசு. பையன்களுக்கு ஜூனியர் சைஸ் வாங்குங்கள்.

கை காய்ந்திருக்கும்வரை பிடி நன்றாக இருக்கிறது. வேர்த்தால் வழுக்குகிறது, லேஸ் இடுக்கில் மணல் வேறு ஏறிக்கொள்கிறது. வார்னரே அரிசோனாவில் ஆடிய கடைசி வருஷங்களில் இரண்டு கையிலும் கையுறை போட்டுத்தான் எறிந்தார். எனக்குத் தோளில் கிடக்கிற துண்டு போதும்.

எறிவதுதான் பெரிய பாடு. வீச்சுவலை போடுகிற என் கூட்டாளி உடம்பைச் சுழற்றி விட்டான். பந்து குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போய்த் தண்ணீரில் விழுந்தது. கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், விடும்போது விரலால் சுழற்றிவிட வேண்டும். சுழன்றால்தான் மூக்கு நேராகப் போகும். ஆடி மாசக் கச்சான் அடிக்கும்போது காற்றை எதிர்த்து எறிந்தால் அதுவும் பலிக்காது. ராம்ஸ் அரங்கம் கூரை போட்டது, வார்னருக்கு இந்தக் கவலை இல்லை.

காற்றழுத்தம் 12.5இலிருந்து 13.5 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும். கைப்பம்பில் அளவு தெரியாது. பஞ்சர் கடையில் மீட்டர் பார்த்து 13 வைக்கச் சொன்னேன். வண்டி டயருக்கு இதைப்போல் இரண்டு மடங்கு அடிக்கிற ஆள், சந்தேகமாகத்தான் பார்த்தார். 2015இல் இன்னொரு பெரிய குவாட்டர்பேக் டாம் பிரேடி அணியின் பந்துகளில் 12.5க்கும் கீழே இருந்தது என்று கிளம்பிய வம்பில் அவருக்கு நான்கு ஆட்டம் தடை போட்டார்கள். இங்கே பந்தை வெயிலில் போட்டு வைத்தால் அழுத்தம் ஏறும், அதனால் படகு நிழலில் வையுங்கள்.

தையல் இன்னும் பிரியவில்லை. மேலே அடித்த வெள்ளைக் கோடுதான் உப்பில் உரிந்துவிட்டது. படத்தில் காட்டிய காற்றடிக்கிற ஊசி பெட்டியில் இல்லை. விற்றவருக்கு எழுதினேன், பதிலே வரவில்லை. ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைக்கிறேன். வாலிபால் ஊசியே இதற்கும் பொருந்துகிறது, எச்சில் தொட்டுச் செருகுங்கள்.