ஸ்டாக்ஃபிஷ் 17: பிராசசர் அறிந்து நிறுவ வேண்டிய சதுரங்க எஞ்சின்

2024 செப்டம்பரில் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 17-ஐப் பதிவிறக்கச் செல்பவர் முதலில் எதிர்கொள்வது ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2, விஎன்என்ஐ என்று பெயரிடப்பட்ட கோப்புகளின் வரிசையைத்தான். இவை பிராசசர்கள் புரிந்துகொள்ளும் சிறப்புக் கட்டளைத் தொகுப்புகளின் பெயர்கள். சிறந்த சதுரங்க நகர்வுகளைக் கணிக்கும் நிரலான, இலவசமாகக் கிடைக்கும் இந்தத் திறந்தமூல எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது பெருமளவு அந்தத் தேர்வைப் பொறுத்தது.

பலகையின் 64 கட்டங்களில் ஒவ்வொரு வகைக் காயும் எங்கெங்கு நிற்கிறது என்பதை ஒரு 64 பிட் எண்ணுக்குள் அடக்கிவிடுவதால், 64 பிட் பிராசசர்கள் பரவலானபோதே இத்தகைய நிரல்கள் பெரும் பயன் அடைந்தன. பிஎம்ஐ2 கோப்பு, கோட்டையும் மந்திரியும் செல்லக்கூடிய கட்டங்களைக் கண்டறிய பெக்ஸ்ட் என்னும் கட்டளையைப் பயன்படுத்துகிறது. ஆனால் ஏஎம்டியின் ஜென், ஜென் 2 பிராசசர்களில் அக்கட்டளை மிக மெதுவாக இயங்குவதால், அவற்றை வைத்திருப்போருக்கு ஏவிஎக்ஸ்2 கோப்பே ஏற்றது.

உண்மையான பாய்ச்சல் 2020-இல், 12-ஆம் பதிப்பில் நிகழ்ந்தது. ஜப்பானியச் சதுரங்கமான ஷோகிக்காக யூ நாசு 2018-இல் வடிவமைத்த, பலகையில் யார் கை ஓங்கியிருக்கிறது என மதிப்பிடும் நரம்பு வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும், அடுக்கடுக்கான கணக்கீட்டு முறை) அப்போது சேர்க்கப்பட்டது. கிராபிக்ஸ் அட்டை இல்லாமல் சாதாரண பிராசசரிலேயே ஓடும்படி அமைந்ததுதான் அதன் சிறப்பு. ஒரு நகர்வில் ஓரிரு காய்களின் இடமே மாறுவதால், அந்த வலையமைப்பு தன் முதல் அடுக்கை முழுவதும் மறுபடி கணக்கிடாமல் அந்த வேறுபாட்டை மட்டும் திருத்துகிறது. அடுத்த அடுக்குகளின் 8 பிட் எண்களை ஏவிஎக்ஸ்2 ஒரே வீச்சில் 32 வரை கையாள்கிறது. பெருக்கலையும் கூட்டலையும் விஎன்என்ஐ ஒரே கட்டளையாக இணைத்துவிடுகிறது. 1997-இல் ஐபிஎம்மின் சதுரங்கக் கணினியான டீப் புளூ 480 தனிச் சில்லுகளைக் கொண்டு நொடிக்குச் சுமார் 20 கோடி பலகை நிலைகளை ஆராய்ந்தது. வீட்டுக் கணினியில் ஸ்டாக்ஃபிஷ் அதைவிட மிகக் குறைவாகவே ஆராய்கிறது, ஆனாலும் அதன் ஆட்டம் பன்மடங்கு வலிமையானது.

குறைகளும் உண்டு. நிறுவியவுடன் அது ஒரு த்ரெட்டையும் (பிராசசரில் ஓடும் ஒரு வேலைச்சரம்), ஆராய்ந்த நிலைகளைச் சேமித்துவைக்கும் 16 எம்பி ஹாஷ் நினைவகத்தையும் மட்டுமே பயன்படுத்துகிறது. பல கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியே இயங்கும் கணிப்பு அலகுகள்) கொண்ட கணினி வாங்கியவர் அமைப்புகளை மாற்றாவிட்டால் அவை சும்மா கிடக்கும். மாற்றினாலும், த்ரெட்டுகள் ஒரே தேடலைப் பகிரும்போது சில வேலைகள் இரட்டிப்பாவதால், கோர்களின் எண்ணிக்கைக்கு நிகராகப் பலம் கூடுவதில்லை. பொருந்தாத கோப்பைத் தேர்ந்தெடுத்தாலோ விளக்கம் ஏதுமின்றி நிரல் நின்றுவிடுகிறது, இது புதியவர்களுக்குப் பெரும் தொல்லை.

எதைத் தேர்வது என்று தெரியாதவர்கள் ஏவிஎக்ஸ்2 கோப்பில் தொடங்கலாம். பிறகு வேறொன்றையும் இறக்கி, இரண்டிலும் வேகத்தைச் சோதிக்கும் பெஞ்ச் கட்டளையை ஓட்டி, நொடிக்கு அதிக நிலைகளை ஆராய்வதை வைத்துக்கொள்ளலாம்.