கலிபோர்னியாவில் வீட்டுக் காப்பகம் நடத்துபவர்களே, மண்டல மாற்றம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள்

சென்ற வாரம் ஒரு தோழி அழைத்தார். என்னைப் போலவே வீட்டில் குழந்தைகள் காப்பகம் நடத்துபவர். "அக்கா, 14 குழந்தைகள் வைத்துக்கொள்ள வேண்டுமானால் வீடு இருக்கும் இடத்தின் மண்டலத்தையே மாற்ற வேண்டுமாமே? ஒருவர் எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்கிறார். முன்பணம் மட்டும் இந்த வாரமே வேண்டுமாம்" என்றார். எனக்குக் கை நடுங்கியது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சொல்லப்பட்டது. அதை நம்பித்தான் 7,200 டாலரையும் ஏறத்தாழ ஓராண்டையும் பறிகொடுத்தேன். இவ்வளவு நாள் வெட்கத்தில் வெளியே சொல்லாமல் இருந்தது தவறு என்று அன்று இரவு தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் தெரிய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க நேரமில்லாதவர்களுக்கும் பயன்படட்டும். மண்டலம் என்பது, ஓர் இடத்தைக் குடியிருப்புக்கா வணிகத்துக்கா பயன்படுத்தலாம் என்று நகராட்சி வகுத்திருக்கும் பிரிவு. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதல், வீட்டில் நடத்தும் குழந்தைகள் காப்பகம் சிறியதானாலும் பெரியதானாலும் சட்டத்தின் பார்வையில் குடியிருப்புப் பயன்பாடுதான். 2019இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய எஸ்.பி. 234 என்ற சட்டம் இதைச் செய்தது. மாநிலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் 1597.45ஆம் பிரிவில் இது இருக்கிறது. 14 குழந்தைகள் வரை வைத்துக்கொள்ளும் பெரிய வீட்டுக் காப்பகத்துக்கு நகராட்சி மண்டல அனுமதி கேட்க முடியாது; தனியாகத் தொழில் உரிமமோ அதற்கான கட்டணமோ கேட்கவும் முடியாது. ஆக, மண்டல மாற்றம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தச் செய்தி 2023இல் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்த ஒருவர் தெரியாததுபோல் நடித்து என்னிடம் பணம் வாங்கினார்.

ஆறு ஆண்டுகளாக நான் சிறிய காப்பகத்துக்கான உரிமம் வைத்திருந்தேன். அதில் 6 குழந்தைகள், சில நிபந்தனைகளோடு 8 வரை. நம் வீட்டில் வசிக்கும் நம் சொந்தக் குழந்தைகளும் பத்து வயது நிறையும்வரை இந்தக் கணக்கில் சேருவார்கள். என் இளையவனுக்கு அப்போது எட்டு வயது, அதனால் ஓர் இடம் அவனுக்கே போனது. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது குடும்பங்கள். வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய்மார்கள் மாதம் தவறாமல் அழைத்து, "இடம் வந்ததா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. வீட்டில் இடம் இருந்தது, பின்கட்டில் வேலி போட்ட முற்றம் இருந்தது, உதவிக்கு வரத் தயாராக ஒரு பெண்ணும் இருந்தார். பெரிய உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்தோம்.

அப்போதுதான் தெரிந்தவர்கள் வழியாக அந்த ஆலோசகர் வந்தார். தமிழ் பேசுபவர். முதல் நாளே என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணா என்றும் கூப்பிட்டார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், முற்றத்தை அடியால் அளந்தார், காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டியபடி, "அக்கா, இது ஒற்றைக் குடும்பக் குடியிருப்பு மண்டலம். இங்கே 14 குழந்தைகள் என்றால் நகராட்சி கதவை இழுத்து மூடிவிடும். முதலில் மண்டலத்தை மாற்றிவிடுவோம். நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நம் மொழியில், நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நாம் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சொல்லும்போது சந்தேகம் எழவே இல்லை. இணையத்தில் பத்து நிமிடம் தேடியிருந்தால் போதும். தேடவில்லை.

பணத்தை மூன்று தவணையாகக் கேட்டார். முதலில் சாத்தியக்கூறு அறிக்கை, அடுத்து போக்குவரத்து ஆய்வு, கடைசியாக விண்ணப்பத்துக்கும் பொது விசாரணைக்கும். ஒவ்வொரு முறையும் வங்கி வழியாக அனுப்பினோம். ரசீது கேட்டபோது, "நமக்குள் என்ன அக்கா" என்றார். நான் கேட்டது 'ரசீது', வந்தது 'உறவு'. இனி யார் எனக்கு அப்படிச் சொன்னாலும் அந்த நிமிடமே பேச்சை முடித்துவிடுவேன்.

போக்குவரத்து ஆய்வு என்று அவர் கொடுத்தது இரண்டு பக்கம். அதில் எங்கள் தெருவின் பெயரே தப்பாக இருந்தது. தட்டச்சுப் பிழை என்றார், விட்டுவிட்டேன்.

பணத்தைவிட இன்றும் வலிப்பது வேறு ஒன்று. அக்கம்பக்கத்தாரிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும் என்று சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார். அதன் தலைப்பில், இந்த வீட்டைக் குடியிருப்பு மண்டலத்திலிருந்து வணிக மண்டலத்துக்கு மாற்ற எனக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமைகள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எதிர்வீட்டு முதியவர், எங்கள் குழந்தைகள் முற்றத்தில் விளையாடும் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்து கையசைப்பவர், தாளைக் கண்ணருகே கொண்டுபோய் இரண்டு முறை படித்தார். "வணிகமா? நாளைக்கு நீங்கள் விற்றுவிட்டுப் போனால் இங்கே கடை வருமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். மண்டலம் மாறினால் அது நிலத்தோடு போகும், நடத்துபவரோடு போகாது. நான் ஆலோசகர் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலையே தெரு முழுவதும் செய்தி பரவியது. கையெழுத்துப் போட்டவர்களில் நான்கு பேர் வந்து தங்கள் பெயரை அடித்துவிடச் சொன்னார்கள். ஆறு ஆண்டுகளில் ஒரு புகாரும் வராத வீட்டுக்கு, அடுத்த மாதமே வாகன நிறுத்தம் பற்றி நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது.

தேவையே இல்லாத ஒரு தாளுக்காக அக்கம்பக்கத்தின் நல்லெண்ணத்தை என் கையாலேயே கலைத்தேன். இதை நினைத்தால் இப்போதும் தூக்கம் வருவதில்லை.

மாதங்கள் ஓடின. விண்ணப்பம் போட்டாகிவிட்டது, வரிசையில் இருக்கிறது, விசாரணைத் தேதி வரவில்லை என்பதே பதிலாக இருந்தது. விண்ணப்ப எண் என்று ஒன்றை அனுப்பினார். வேலைக்குச் சேர்த்திருந்த உதவியாளருக்கு நான்கு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்துக்குப் போனார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். பட்டியலில் இருந்த குடும்பங்களில் ஐந்து போய்விட்டன.

2024 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, குழந்தைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு நகரத் திட்டமிடல் அலுவலகத்துக்கு நானே போனேன். முன்கூட்டி நேரம் வாங்கவில்லை, யாரையும் தெரியாது. முகப்பில் இருந்த பெண் அலுவலர் எண்ணைக் கணினியில் போட்டுப் பார்த்தார். மீண்டும் போட்டார். இப்படி ஓர் எண்ணே எங்களிடம் இல்லை என்றார். கையில் இருந்த விண்ணப்ப நகலைக் காட்டினேன். அவர் தாளைத் திருப்பி, கீழ் ஓரத்தில் பென்சிலை வைத்தார். அங்கே மங்கலாக, நகலெடுத்தபோது பாதி வெட்டுப்பட்ட ஓர் ஆண்டு எண்: 2016. ஓராண்டாக அந்தத் தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒருநாளும் அந்த மூலையை நான் பார்த்ததில்லை.

பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். அது மண்டல மாற்ற விண்ணப்பமே இல்லை. பெரிய வீட்டுக் காப்பகங்களுக்கு நகராட்சிகள் அனுமதி வழங்கிவந்த பழைய நாட்களின் படிவம். அந்த நாட்களில்கூட அனுமதிதான் கேட்டார்கள், மண்டலத்தை மாற்றச் சொல்லவில்லை. 2020க்குப் பிறகு அந்த அனுமதியும் இல்லை. "உங்களுக்கு எங்களிடம் எந்த வேலையும் இல்லை. மாநில உரிமப் பிரிவுக்குப் போங்கள், தீயணைப்புத் துறை ஆய்வுக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்றார். வாகனத்துக்கு வந்து உட்கார்ந்து அழுதேன்.

உண்மையில் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மறைப்பில்தான் அவர்களுடைய பிழைப்பு நடக்கிறது. உரிமம் கொடுப்பது மாநிலச் சமூக சேவைகள் துறையின் கீழ் வரும் சமூகப் பராமரிப்பு உரிமப் பிரிவு. பெரிய உரிமத்தில் 12 குழந்தைகள். பள்ளி செல்லும் வயதுக் குழந்தைகள் இருப்பது உட்பட நிபந்தனைகள் நிறைவேறினால் 14. இரண்டு வயதுக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்குத் தனி வரம்பு உண்டு. சிறிய காப்பகம் நடத்திய ஓராண்டு அனுபவம் போதும், என்னிடம் ஆறு இருந்தது. உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும். தீயணைப்புத் துறை வந்து வீட்டைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். வாடகை வீடானால் உரிமையாளருக்கு 30 நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுக்க வேண்டும். 12க்கு மேல் 14 வரை போவதற்கு அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். வீட்டு உரிமையாளர் சங்கம் தடை போட்டால் பயப்பட வேண்டாம். வீட்டுக் காப்பகத்தைத் தடுக்கும் பத்திர நிபந்தனைகள் செல்லாது என்று அதே சட்டம் சொல்கிறது. இவற்றில் எதற்கும் இடைத்தரகர் வேண்டாம். மாநிலத்தின் 58 மாவட்டங்களுக்கும் குழந்தைப் பராமரிப்புத் தகவல், பரிந்துரை மையங்கள் இருக்கின்றன. அவை வழிகாட்டப் பணம் கேட்பதில்லை. நான் பின்னர் போன மையத்தில் இருந்தவர் என் கோப்பை முக்கால் மணி நேரத்தில் சரிபார்த்துக் கொடுத்தார்.

ஒன்றைக் கலந்துவிடாதீர்கள். 14க்கு மேல் போக வேண்டும், அல்லது நீங்கள் குடியிருக்காத வீட்டில் நடத்த வேண்டும் என்றால் அது வீட்டுக் காப்பகம் இல்லை, குழந்தைகள் பராமரிப்பு மையம். அதற்கு உரிமமும் வேறு, கட்டட விதிகளும் வேறு, நகராட்சியின் மண்டல விதிகளும் பொதுவாகப் பொருந்தும். அந்த வழியிலும் 'சிறப்புப் பயன்பாட்டு அனுமதி' என்பது ஒன்று, 'மண்டல மாற்றம்' என்பது வேறொன்று. முதலாவதில் மண்டலம் அப்படியே இருக்கும், உங்கள் பயன்பாட்டுக்கு மட்டும் நிபந்தனையோடு அனுமதி கிடைக்கும். இரண்டாவதற்கு நகரத்தின் பொதுத் திட்டத்தோடு அது பொருந்த வேண்டும், திட்டக் குழுவில் விசாரணை நடக்க வேண்டும், நகர மன்றம் வாக்களிக்க வேண்டும். ஒரே ஒரு வீட்டுக்காக அதைச் செய்து தருகிறேன் என்று ஒருவர் உறுதி கொடுத்தால், அவர் பொய் சொல்கிறார். வாக்களிப்பது அவர் இல்லை. மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்கு எண்ணிக்கையும் விதியும் மாறும். உங்கள் மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, நகராட்சி முகப்பில் நீங்களே போய் ஒருமுறை கேளுங்கள். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

அந்த ஆலோசகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஆலோசனை வழங்கியாகிவிட்டது, ஒப்பந்தத்தில் திருப்பித் தருவதாக இல்லை என்றார். அக்கா என்ற சொல் அத்தோடு நின்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்பினேன். பதில் இல்லை. சிறு வழக்கு நீதிமன்றத்தில் மனுப் போட்டேன். 2024 முதல் தனிநபர் ஒருவர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். என் தொகைக்குத் தாக்கல் கட்டணம் 75 டாலர். இரு தரப்புக்கும் வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் நான் தயங்கவில்லை. வங்கிப் பரிமாற்றப் பதிவு, குறுஞ்செய்திகள், அந்த 2016 படிவம், எங்கள் தெருவின் பெயர் தப்பாக இருந்த ஆய்வறிக்கை, நான்கையும் வைத்தேன். அவர் வரைந்து கொடுத்த வீட்டு வரைபடத்துக்கு ஒரு தொகையைக் கழித்துவிட்டு மீதி 5,400 டாலரைத் திருப்பித் தரும்படி தீர்ப்பானது. இதுவரை 1,800 வந்திருக்கிறது.

பெரிய உரிமம் 2025 தொடக்கத்தில் கைக்கு வந்தது. தீயணைப்பு அலுவலர் வெளியேறும் வழிகளைப் பார்த்தார், புகை எச்சரிக்கைக் கருவிகளை அழுத்திப் பார்த்தார், அரை மணி நேரத்தில் கையெழுத்திட்டார். மண்டலம் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.

எதிர்வீட்டு முதியவரிடம் போய், எதுவும் வணிக மண்டலமாக மாறவில்லை, மாறவும் போவதில்லை என்று சட்டப் பிரிவை அச்சிட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஜன்னல் இன்னும் திறக்கவில்லை.