மண்டபம் ரோட்டு மெஸ்ஸும் உடம்பு ஏற்றுகிறவர்களுக்கான சோறும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் ஊரிலிருந்து உச்சிப்புளி போகும் ரோட்டில் ஓர் அக்கா நடத்துகிற மெஸ் இருக்கிறது, போர்டுகூடக் கிடையாது, ஆனால் உடம்பு ஏற்ற நினைக்கிற பசங்க இந்தக் கரையில் எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். மீனுக்காக என்று நினைப்பீர்கள். மீனும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நான் அனுப்புவது சோற்றுக்காக.

ஜிம்மில் சேர்ந்ததும் நம்ம பசங்க முதல் வேலையாகச் சோற்றை நிறுத்துகிறார்கள். முட்டை வெள்ளைக்கரு, கோழி நெஞ்சுக்கறி, அவ்வளவுதான் சாப்பாடு. ஒரு வாரத்தில் எடை இறங்கியதும் கொழுப்பு கரைகிறது என்று சந்தோஷம் வேறு. அந்த முதல் வாரத்தில் போவதில் பெரும்பகுதி தண்ணீர். சாப்பிடுகிற மாவுச்சத்து தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்கிறது, ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சோறு நின்றால் இரண்டும் சேர்ந்தே இறங்கிவிடும். ஸ்குவாட்டில், அதாவது தோளில் எடையோடு உட்கார்ந்து எழுகிற பயிற்சியில், ஒரு செட்டுக்கு எட்டு, பத்து தடவை எடை தூக்கி இறக்கும்போது தசை அதிகமாகச் செலவழிப்பது இந்தச் சேமிப்பைத்தான். அது குறைந்தால் மூன்றாவது செட்டிலேயே கால் நடுங்கும், தூக்குகிற எடை மாதக்கணக்கில் ஏறாது, எடை ஏறாத இடத்தில் தசை எப்படி வளரும்? போதாக்குறைக்கு, சாப்பாடு பற்றாதபோது காசு கொடுத்து வாங்கிச் சாப்பிட்ட புரதத்தில் ஒரு பங்கையும் உடம்பு எரிபொருளாக்கிவிடும்.

சரி, மெஸ்ஸுக்கு வருவோம். மதியம் புழுங்கல் அரிசிச் சோறு, முண்டு மிளகாய் அரைத்துக் கூட்டிய மீன் குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். 90 ரூபாய். சோறு கேட்கக் கேட்க வரும், “இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க தம்பி” என்று அக்காவே வந்து போடுவார். குழம்பில் எண்ணெய் மிதக்காது, அது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஏனென்றால் ராத்திரி புரோட்டா சால்னா சாப்பிட்டாலும் மாவுச்சத்து கிடைக்கும்தான், ஆனால் கூடவே எவ்வளவு எண்ணெய் உள்ளே போகிறது என்று கணக்கே வைக்க முடியாது. இங்கே கணக்குப் போடலாம். வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. இரண்டு தடவை வாங்கினால் 400 கிராம் சோறு தாராளமாக வந்துவிடும், அதாவது 110 கிராம் மாவுச்சத்து. எடை தூக்குகிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 முதல் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் 70 கிலோ ஆளுக்கு ஒரு நாளைக்கு 280 முதல் 350 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு வேளையிலேயே முடிந்துவிடுகிறது.

காலையில் பழைய சோறும் சுட்ட சூடைக் கருவாடும் உண்டு. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் விட்டு ஜிம்முக்குப் போய்ப் பாருங்கள், வித்தியாசம் கடைசி செட்டில் தெரியும்.

குறையும் இருக்கிறது. குழம்பில் வருவது ஒரே ஒரு சின்னத் துண்டு மீன், அதில் 10 கிராம் புரதம் இருந்தால் அதிகம். நமக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்ற கணக்கில், அதே 70 கிலோ ஆளுக்கு நாளைக்கு 110 கிராமுக்கு மேல் வேண்டும். அதனால் 40 ரூபாய் சேர்த்துக் கொடுத்து ஒரு தட்டு சூடை வறுவல் வாங்கிவிடுங்கள், சீலா மீனும் பாறை மீனும் இன்னும் விலை, தேவையில்லை. அவித்த முட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும். உப்பும் கொஞ்சம் தூக்கல். ராத்திரி சாப்பாடே கிடையாது, சாயங்காலம் ஜிம் போகிறவர்களுக்கு அது பெரிய குறை, நான் அக்காவிடம் சொல்லிப் பார்த்தாயிற்று, ஆள் இல்லை என்கிறார். அதுவரை இரண்டு வாழைப்பழமும் வீட்டுச் சோறும்தான் வழி.

மாஸ் கெயினர் என்கிற உடம்பு ஏற்றும் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிற தம்பிகள் தயவுசெய்து டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் முதலில் இருப்பது மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதுவும் மாவுச்சத்துதான், சோளம் மாதிரி ஏதாவது ஒன்றின் மாவிலிருந்து எடுத்த தூள். அந்தக் காசுக்கு இங்கே எத்தனை நாள் மதியச் சாப்பாடு என்று வகுத்துப் பாருங்கள், எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது. சர்க்கரை இருப்பவர்கள் மட்டும் சோற்றின் அளவை டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்கு அவர்களுக்கு இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் போகாது, நாட்டுப்படகு மீன்தான் வரும், வறுவல் விலை ஏறும், சில நாள் கருவாட்டுக் குழம்புதான் இருக்கும். அப்போது முட்டையை நம்பிப் போங்கள். மதியம் ஒரு மணிக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும், வெள்ளிக்கிழமை லீவு.